முழு பில்லும் கட்டிய பிறகும் கிரெடிட் கார்டில் வட்டி ஏன் வருகிறது? கேஷ்பேக் கார்டால் உண்மையில் லாபம் உண்டா?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் ஒருவர் கேஷ்பேக் கிரெடிட் கார்டு ஒன்று வைத்திருக்கிறார். மாதம் 12-ஆம் தேதி பில் வரும், கட்ட இருபது நாள் அவகாசம். ஏப்ரல் பில் 36,000 ரூபாய். அந்த மாதம் கை கொஞ்சம் இறுக்கமாக இருந்ததால் கடைசி நாளான மே 2-ஆம் தேதி 20,000 மட்டும் கட்டியிருக்கிறார். மினிமம் டியூ, அதாவது குறைந்தபட்சம் கட்ட வேண்டிய தொகை, 1,800 ரூபாய்தான், அதைப் போலப் பதினோரு மடங்கு கட்டியாயிற்று என்று நிம்மதியாக இருந்துவிட்டார். மே பில்லில் வட்டி வந்தது. சரி, தப்பு நம்முடையது என்று அந்த பில்லை ஒரு பைசா பாக்கியில்லாமல் ஜூன் 1-ஆம் தேதியே கட்டிவிட்டார். ஆனால் ஜூன் 12-ஆம் தேதி வந்த பில்லிலும் வட்டி, ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்து 1,400 ரூபாய்க்கு மேல். ‘முழுசாகக் கட்டிய பிறகும் வட்டி போடுவது மோசடி இல்லையா? இந்த 5 சதவீத கேஷ்பேக் கார்டை மூடிவிடவா, இல்லை நண்பர் சொல்வது போல இரண்டாவது கார்டு வாங்கி மாற்றி மாற்றித் தேய்க்கவா?’ என்று கேட்கிறார்.

இதில் இரண்டு கேள்விகள் கலந்திருக்கின்றன. வந்த வட்டி நியாயமா என்பது ஒன்று. உங்களைப் போன்ற ஒருவருக்கு இந்தக் கார்டு வரவா செலவா என்பது இன்னொன்று. நீங்கள் கோபத்தில் முதல் கேள்வியைப் பெரிதாகக் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு இரண்டாவதுதான் பெரிதாகத் தெரிகிறது. நான் ஒரு தனியார் வங்கியின் கார்டு பிரிவில், பில் தகராறுகளைப் பார்க்கும் மேசையில் பல வருடம் இருந்தவன். அங்கே அதிகமாக வந்த புகார்களில் ஒன்று உங்களுடையதுதான். ஆனால் உங்கள் பில்லை நான் பார்க்கவில்லை, எந்தப் பொருளை எந்தத் தேதியில் வாங்கினீர்கள் என்பதும் உங்கள் கேள்வியில் இல்லை. அதனால் கீழே வரும் தொகைகள் ஒரு மாதிரிக் கணக்குதான். முறை மட்டும் உங்களுக்கும் அப்படியே பொருந்தும்.

மோசடி இல்லை. எரிச்சலூட்டும் விதி, அவ்வளவுதான். கிரெடிட் கார்டில் வாங்கினால் 45 நாள், 50 நாள் வட்டி கிடையாது என்று விற்பவர்கள் சொல்வார்கள். அது கார்டோடு கூடவே வரும் உரிமை அல்ல, நிபந்தனையோடு தரப்படும் சலுகை. முந்தைய பில்லின் மொத்தத் தொகையையும் கெடுவுக்குள் கட்டியிருந்தால்தான் அந்தச் சலுகை உயிரோடு இருக்கும். முந்தைய பில்லில் பாக்கி இருந்தால் வட்டியில்லாக் காலம் நிறுத்திவைக்கப்படும் என்பதைக் கார்டுதாரருக்கு விளக்கிச் சொல்ல வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் கார்டு வழிகாட்டு நெறிகளே சொல்கின்றன. வங்கிகளும் சொல்லத்தான் செய்கின்றன, கார்டோடு வரும் எம்ஐடிசி என்ற பொடி எழுத்துத் தாளில். யார் படிக்கிறார்கள்?

இப்போது உங்கள் கணக்குக்கு வருவோம். மாத வட்டி 3.5 சதவீதம், ஆண்டுக்கு 42 சதவீதம் என்று வைத்துக்கொள்கிறேன். பெரும்பாலான கார்டுகளில் இதுவோ 3.75-ஓதான் இருக்கும். நாள் கணக்கில் பார்த்தால் ஆயிரம் ரூபாய்க்கு ஒரு நாளுக்கு சுமார் 1 ரூபாய் 15 காசு. எளிமைக்காக ஏப்ரல் பில்லின் 36,000 ரூபாய்க்கும் மார்ச் 23 அன்று ஒரே பொருளாக, ஒரு ஃப்ரிட்ஜ் வாங்கினீர்கள் என்று கொள்வோம். மே 2-ஆம் தேதி 16,000 பாக்கி வைத்த அந்த நொடியில் சலுகை போய்விட்டது. வட்டி மே 2-லிருந்து தொடங்காது. பின்னோக்கிப் போய், ஃப்ரிட்ஜ் வாங்கிய மார்ச் 23-லிருந்து தொடங்கும். பலரும் வழுக்கி விழும் இடம் இது.

எந்தத் தொகைக்கு என்பதில் வங்கிக்கு வங்கி வித்தியாசம் இருக்கிறது. கட்டிய பணத்தைக் கழித்துவிட்டு மீதமுள்ள தொகைக்கு மட்டுமே வட்டி போட வேண்டும் என்கிறது ரிசர்வ் வங்கியின் நெறி. இதைச் சில வங்கிகள் நேராகவே எடுத்துக்கொண்டு, பாக்கி 16,000 ரூபாய்க்கு மட்டும் மார்ச் 23-லிருந்து கணக்குப் போடுகின்றன. நீங்கள் பணம் கட்டிய நாள் வரை 36,000 முழுவதும் பாக்கியாகத்தானே இருந்தது என்று வாதாடி, மே 2 வரை முழுத்தொகைக்கும், அதன் பிறகு 16,000-க்கும் போடும் முறையும் உண்டு. உங்கள் வங்கி எதைப் பின்பற்றுகிறது என்று அறிய கஸ்டமர் கேரைக் கேட்பதில் பயனில்லை, அங்கே இருப்பவருக்கும் தெரியாது. எம்ஐடிசி தாளில் வட்டிக் கணக்குக்கு ஓர் எடுத்துக்காட்டு போட்டிருப்பார்கள், அதைப் பாருங்கள். சண்டை வந்தால் நிற்கும் ஆதாரம் அதுதான்.

முதல் முறையில் 16,000 ரூபாய்க்கு மார்ச் 23 முதல் மே 12 வரை 50 நாள், 920 ரூபாய். இரண்டாவது முறையில் 36,000-க்கு 40 நாள், 1,656 ரூபாய், அதோடு 16,000-க்கு 10 நாள், 184 ரூபாய். இதோடு முடியவில்லை. ஏப்ரல் 13 முதல் மே 12 வரை நீங்கள் வழக்கம்போல மளிகை, துணி, ஆன்லைன் என்று 28,000 செலவு செய்தீர்கள் அல்லவா, அதற்கும் வட்டியில்லாக் காலம் கிடையாது. வாங்கிய அன்றிலிருந்தே ஓடும். மாதம் முழுக்கப் பரவலாகச் செலவு செய்ததாகக் கொண்டால் சராசரி 15 நாள், சுமார் 483 ரூபாய். எல்லாவற்றின் மேலும் 18 சதவீத ஜிஎஸ்டி. வீட்டுக்கடன் வட்டிக்கு ஜிஎஸ்டி இல்லை, கார்டு வட்டிக்கு உண்டு. ஆக மே பில்லில் மென்மையான முறையில் சுமார் 1,650, கடுமையான முறையில் சுமார் 2,740 ரூபாய் வந்திருக்கும்.

ஜூன் பில்லில் வந்தது இதன் வால். மே 12-ஆம் தேதி பில் போடும்போது அதுவரையிலான வட்டியைத்தான் போட முடியும். பழைய பாக்கி 16,000-மும் புதிய செலவு 28,000-மும், ஆக 44,000 ரூபாய், நீங்கள் ஜூன் 1-ஆம் தேதி கட்டும் வரை இன்னும் 20 நாள் நிலுவையில் இருந்தது. அதற்கு வட்டி சுமார் 1,012. மே 12-க்கும் ஜூன் 1-க்கும் நடுவில் ஒரு 18,000 ரூபாய் செலவு செய்திருந்தால், சராசரி பத்து நாளுக்கு இன்னொரு 207. இரண்டும் சேர்ந்து 1,219, ஜிஎஸ்டி 219, மொத்தம் 1,438. நீங்கள் சொன்ன ‘1,400-க்கு மேல்’ இந்தக் கணக்கில் கச்சிதமாக உட்காருகிறது. பில் தேதிக்கும் கட்டிய தேதிக்கும் நடுவே ஓடிய வட்டி அடுத்த பில்லில்தான் தெரியும். மே 13-ஆம் தேதியே கட்டியிருந்தால் இந்த வால் ஐம்பது, அறுபது ரூபாயோடு நின்றிருக்கும்.

இப்போது மொத்தத்தைப் பாருங்கள். நீங்கள் உண்மையில் செய்தது, 16,000 ரூபாயை மே 2-லிருந்து ஜூன் 1-க்கு, அதாவது ஒரே ஒரு மாதம் தள்ளிப்போட்டது. அதற்குக் கொடுத்த விலை மென்மையான கணக்கிலேயே 3,100 ரூபாய் அளவில், கடுமையான கணக்கில் 4,200-ஐத் தொடும். மாதம் 3.5 சதவீதம் என்று எழுதியிருக்கிறதே, 16,000-க்கு 560 தானே வர வேண்டும் என்று தோன்றும். வராது. முன்னோக்கியும் பின்னோக்கியும் எல்லாச் செலவுக்கும் வட்டி விழுவதால், தள்ளிப்போட்ட தொகையில் அது 19 முதல் 26 சதவீதம் வரை ஆகிவிடுகிறது. நம் ஊரில் ஐந்து வட்டிக்கு விடுபவரைக் கண்டாலே எல்லாரும் திட்டுவார்கள். அவரிடம் அதே 16,000-ஐ ஒரு மாதத்துக்கு வாங்கியிருந்தாலும் 800 ரூபாயில் முடிந்திருக்கும். அவரிடம் போகச் சொல்லவில்லை. குளிரூட்டிய அறையில், நல்ல ஆப்பில், மரியாதையான குறுஞ்செய்தியோடு வருவதால் இந்த வட்டி நம் கண்ணுக்கு வட்டியாகத் தெரிவதில்லை என்று சொல்கிறேன்.

நீதிமன்றம் இதற்கு உச்சவரம்பு வைத்திருக்கிறதே என்று யாராவது உங்களிடம் சொல்லக்கூடும். கெடுவுக்குள் கட்டாதவர்களிடம் ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வாங்குவது நியாயமற்ற வணிக முறை என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் சொன்னது உண்மை. 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்துவிட்டது. பழைய செய்தித் துண்டை வைத்துக்கொண்டு வங்கியோடு மல்லுக்கு நிற்காதீர்கள்.

மினிமம் டியூ பற்றியும் ஒரு வார்த்தை. பெரும்பாலும் மொத்தத் தொகையில் 5 சதவீதம் அளவில் இருக்கும். அதைக் கட்டினால் இரண்டு விஷயங்கள் மட்டும் தவிர்க்கப்படும், லேட் ஃபீ வராது, நம் கடன் வரலாற்றைப் பதிந்து வைக்கும் சிபிலில் ‘தவறினார்’ என்று போகாது. வட்டி நிற்காது. நீங்கள் 1,800-க்குப் பதில் 20,000 கட்டியது புத்திசாலித்தனம்தான், வட்டி விழும் தொகை குறைந்தது. ஆனால் சலுகையைப் பொறுத்தவரை 1,800-க்கும் 35,900-க்கும் வித்தியாசமே இல்லை. நூறு ரூபாய் பாக்கி வைத்தாலும் முழுமையாகக் கட்டாத கணக்குதான்.

சரி, கேஷ்பேக் பக்கம் வருவோம். உங்கள் கார்டு ஆன்லைனில் 5 சதவீதம், மற்ற இடங்களில் 1 சதவீதம் தருகிறது, ஆண்டுக் கட்டணம் 999 என்று எழுதியிருக்கிறீர்கள். மாதம் 28,000 செலவு என்றதும் மனம் 28,000-இல் 5 சதவீதம், 1,400 என்று கணக்குப் போட்டுவிடும். கார்டு விற்பவரும் அப்படித்தான் போட்டுக்காட்டுவார். நடப்பில் என்ன ஆகும்? வாடகை, பெட்ரோல், இன்ஷூரன்ஸ், வாலட்டில் பணம் ஏற்றுவது, நகை, பள்ளிக் கட்டணம், மின்கட்டணம் இவற்றில் பலவற்றுக்குப் பல கார்டுகளில் கேஷ்பேக்கே கிடையாது. வாடகை கட்டினால் மேலே 1 சதவீதம் கட்டணம் வேறு வாங்குகிறார்கள். யுபிஐ-யில் ரூபே கிரெடிட் கார்டை இணைத்து டீக்கடையில் ஸ்கேன் செய்வதும் பல கார்டுகளில் கணக்கில் வராது. 28,000-இல் இப்படி ஒரு 8,000 கழிந்துபோனால் மீதி 20,000. அதில் 5,000 ஆன்லைன் என்றால் 250 ரூபாய். 15,000 மற்றவை என்றால் 150. மாதம் 400, ஆண்டுக்கு 4,800. ஆண்டுக் கட்டணம் ஜிஎஸ்டியோடு 1,179 போனால் கையில் நிற்பது 3,600 சொச்சம். மேலே சொன்ன ஒரே சறுக்கல் இதில் பெரும்பகுதியையோ, உங்கள் வங்கி கடுமையான முறையைப் பின்பற்றினால் முழுவதையுமோ விழுங்கிவிட்டது. உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடை இதுதான். ஆண்டுக்குப் பன்னிரண்டு பில்லையும் முழுதாகக் கட்டுபவருக்கு மூவாயிரத்து அறுநூறு ரூபாய் லாபம், ஒன்றைத் தவறவிட்டவருக்கு வருடம் முழுக்க வீண்.

எந்தச் செலவுக்கு கேஷ்பேக் வரும் என்பதைக் கடையின் பெயர் தீர்மானிப்பதில்லை. ஒவ்வொரு கடைக்கும் கார்டு நெட்வொர்க்கில் நான்கு இலக்க வகை எண் ஒன்று உண்டு, எம்சிசி என்பார்கள். பெட்ரோல் பங்குக்கு 5541, நகைக்கடைக்கு 5944 என்று. பங்குக்குள் இருக்கும் கடையில் பிஸ்கட் வாங்கினாலும், அந்த மெஷின் பங்கின் எண்ணில் பதிவாகியிருந்தால் அது பெட்ரோல்தான். ‘மளிகைதானே வாங்கினேன், கேஷ்பேக் ஏன் வரவில்லை’ என்று எங்களிடம் வந்த புகார்களில் பெரும்பாலானவை இந்த எண்ணில்தான் போய் முட்டும். இதில் வங்கியோடு சண்டை போட்டு ஜெயிப்பது கடினம்.

கேஷ்பேக் தரும் பணம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் இந்த விலக்குகள் புரியும். கிரெடிட் கார்டு தேய்த்தால் கடைக்காரர் சுமார் 2 சதவீதம் வரை எம்டிஆர் என்ற கட்டணம் கட்டுகிறார், அதில் பெரும்பங்கு உங்களுக்குக் கார்டு கொடுத்த வங்கிக்குப் போகிறது. கடைக்காரரிடமிருந்து வரும் இந்த வரவு குறைவாகவோ இல்லாமலோ இருக்கும் இடங்களில் கேஷ்பேக்கும் இருக்காது. பிறகு 5 சதவீதம் எப்படிக் கட்டுப்படியாகிறது? கொஞ்சம் ஆன்லைன் நிறுவனங்களே பங்கு போடுகின்றன, கொஞ்சம் ஆண்டுக் கட்டணம், மீதி பாக்கி வைப்பவர்கள் கட்டும் வட்டி. அதாவது முழு பில் கட்டுபவரின் கேஷ்பேக்கில் ஒரு பகுதியை, மே மாதத்தில் நீங்கள் இருந்த நிலையில் இருப்பவர்கள்தான் கட்டுகிறார்கள். இதில் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது.

கேஷ்பேக்குக்காகவே செலவு செய்வது தனிக் கதை. ‘ஆண்டுக்கு இவ்வளவு செலவு செய்தால் கட்டணம் தள்ளுபடி’ என்பதைப் பிடிக்க மார்ச் மாதத்தில் தேவையில்லாத ஒரு டிவி வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். இன்னொன்று, சில கடைகளில் ‘கார்டுன்னா ரெண்டு பர்சன்ட் எக்ஸ்ட்ரா ஆகும் சார்’ என்பார்கள். 1 சதவீதம் திரும்ப வரும் கார்டை அங்கே நீட்டினால் 1 சதவீதம் நஷ்டம். ரொக்கமோ, வங்கிக் கணக்கிலிருந்து நேராக யுபிஐ-யோ கொடுத்துவிட்டு வாருங்கள்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. முதலில் ஜூன் பில்லின் மொத்தத்தையும், அந்த 1,400 உட்பட, கடைசி நாள் வரை காத்திராமல் இன்றே கட்டுங்கள். நியாயமா இல்லையா என்ற விவாதத்தைக் கட்டிவிட்டு நடத்தலாம், அதை நிறுத்திவைத்தால் மறுபடியும் பாக்கி என்ற கணக்கில்தான் விழும். ஜூலை பில் சுத்தமாக வரும் வரை கார்டைத் தேய்க்காதீர்கள். ஐந்து சதவீதம் கிடைத்தாலும் வேண்டாம். முழுதாகக் கட்டிய கணக்கில் ஜூலை பில்லில் வட்டி இருக்கக் கூடாது. சில வங்கிகளில் தொடர்ந்து இரண்டு பில் முழுதாகக் கட்டிய பிறகுதான் சலுகை முழுமையாகத் திரும்பும், அதனால் ஜூலையில் ஒரு சிறு தொகை தெரிந்தால் பதற வேண்டாம். ஆகஸ்டிலும் வந்தால் எழுத்தில் கேளுங்கள்.

அடுத்து ஆட்டோ டெபிட். வங்கிக் கணக்கிலிருந்து தானாக எடுக்கும்படி அமைக்கும்போது ‘மினிமம் டியூ’, ‘டோட்டல் டியூ’ என்று இரண்டு தேர்வு வரும். விவரம் தெரியாமல் மினிமத்தைத் தேர்ந்துவிட்டு, மாதாமாதம் பில் கட்டுகிறோம் என்று நம்பி வருடக்கணக்கில் வட்டி கொடுத்தவர்கள் படித்தவர்களிலேயே உண்டு. டோட்டல் டியூவைத் தேர்ந்தெடுங்கள். கணக்கில் பணம் இல்லாமல் திரும்பினால் இரண்டு பக்கமும் அபராதம் விழும், ஆகவே சம்பளம் வந்த பிறகு கெடு வரும்படி பில் தேதியை மாற்றிக்கொள்ளுங்கள். அப்படி மாற்றித் தர வங்கிகள் கடமைப்பட்டவை. உங்களுக்குச் சம்பளம் மாதக் கடைசி நாளில் வருகிறது, கெடு 2-ஆம் தேதி என்றால் இடைவெளி மிகக் குறைவு, ஏழாம் தேதி வாக்கில் விழும்படி கேளுங்கள். கையால் கட்டுவதாக இருந்தால் கெடுவுக்கு மூன்று நாள் முன்பே கட்டிவிடுங்கள். வேறு ஆப் வழியாகக் கட்டும் பணம் கார்டில் ஏற ஒன்றிரண்டு நாள் ஆகலாம்.

‘கெடு முடிந்து மூன்று நாள் வரை பரவாயில்லை’ என்று இணையத்தில் சுற்றும் செய்தி பாதி உண்மை. மூன்று நாளுக்கு மேல் தாமதமானால்தான் லேட் ஃபீ போடலாம், சிபில் போன்ற நிறுவனங்களுக்கும் தவறியதாகத் தெரிவிக்கலாம் என்பது ரிசர்வ் வங்கி விதி. வட்டியில்லாச் சலுகைக்கு இந்த மூன்று நாளை யாரும் உத்தரவாதம் செய்யவில்லை. மறந்துபோன ஒரு நாளில் உங்கள் பெயரைக் காப்பாற்றும் ஏற்பாடு அது, அதை நம்பித் திட்டம் போட முடியாது.

என்றாவது மறுபடியும் கை இறுகினால், பில் முழுதும் கட்ட முடியாது என்று தெரிந்த உடனே, கெடுவுக்கு முன்பே, வேறு வழி பாருங்கள். வீட்டில் நகை இருந்தால் வங்கி நகைக்கடன் பெரும்பாலும் மாதத்துக்கு ஒரு சதவீதத்தை ஒட்டியே அமையும், 16,000-க்கு ஒரு மாதத்துக்கு 160 ரூபாய், சிறு கட்டணம் கூட. நகை இல்லையென்றால் அந்தப் பெரிய செலவை மட்டும் கார்டிலேயே இஎம்ஐ-யாக மாற்றச் சொல்லலாம். வட்டி ஆண்டுக்கு 15 சதவீதம் அளவில் வரும், பிராசஸிங் கட்டணமும் இருக்கும், ஆனால் மற்ற செலவுகளுக்கான சலுகை தப்பிக்கும். மாற்றிய தவணையை அந்தந்த மாத பில்லோடு முழுதாகக் கட்டினால்தான் இது பலிக்கும். இஎம்ஐ-யாக மாற்றிய செலவுக்குப் பல கார்டுகள் கேஷ்பேக்கைத் திரும்ப எடுத்துக்கொள்ளும், அதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். ‘நோ காஸ்ட் இஎம்ஐ’ என்பதிலும் வட்டி உண்டு. அதைத் தள்ளுபடியாக முன்கூட்டியே கழித்துக் காட்டுவார்கள், அந்த வட்டிக்கான ஜிஎஸ்டி உங்கள் தலையில் விழும். ஏடிஎம்-மில் கிரெடிட் கார்டைச் செருகிப் பணம் எடுப்பதை மட்டும் எந்த அவசரத்திலும் செய்யாதீர்கள், கட்டணம் தனி, வட்டி எடுத்த நிமிடத்திலிருந்து.

பொருளைத் திருப்பி அனுப்பும்போதும் ஒரு சிக்கல் வரும். 6,000 ரூபாய் செருப்பும் சட்டையும் திருப்பிவிட்டோம், ரீஃபண்ட் வந்துவிடும் என்று பில்லில் 6,000 குறைத்துக் கட்டுவார்கள். ரீஃபண்ட் கெடுவுக்கு முன் கார்டில் ஏறிவிட்டால் அதைக் கட்ட வேண்டிய தொகையில் கழிக்க வேண்டும் என்பது விதி. கெடுவுக்கு அடுத்த நாள் ஏறினால்? பாக்கி வைத்தவர் ஆகிவிடுவீர்கள். கைக்கு வராத ரீஃபண்டை நம்பாமல் முழுதும் கட்டுங்கள், மீதி அடுத்த பில்லில் உங்கள் வரவாக நிற்கும்.

இரண்டாவது கார்டு பற்றி நண்பர் சொன்னது. பில் தேதி பதினைந்து நாள் இடைவெளியில் உள்ள இரண்டு கார்டு இருந்தால், எப்போதும் ஏதாவது ஒன்றில் சுமார் முப்பத்தைந்து நாளாவது அவகாசம் கிடைக்கும் என்பது கணக்குப்படி சரி. உங்கள் கார்டிலேயே 13-ஆம் தேதி வாங்கினால் ஏறத்தாழ 50 நாள், 12-ஆம் தேதி வாங்கினால் 20 நாள். ஆனால் இந்த உபாயம் பணம் கையில் இருப்பவருக்கு. பணம் பற்றாமல் ஒரு பில்லைத் தள்ளியவருக்கு இரண்டாவது கார்டு என்பது தள்ளுவதற்கு இன்னோர் இடம், அவ்வளவுதான். ஆறு மாதம் ஒரே கார்டில் முழு பில் கட்டிப் பாருங்கள். அதன் பிறகும் வேண்டும் என்று தோன்றினால் ஆண்டுக் கட்டணமே இல்லாத ஒன்றைப் பாருங்கள். அமேசான் பே ஐசிஐசிஐ கார்டு அந்த வகையில் பலரிடம் இருப்பது, பிரைம் உறுப்பினருக்கு அமேசானில் 5 சதவீதம், மற்றவருக்கு 3 சதவீதம் என்று தந்துவருகிறார்கள். வாங்கும் அன்று விதிகளைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள், கேஷ்பேக் விதிகளை ஆண்டுக்கு ஒரு முறையாவது திருத்துவது எல்லா வங்கிகளுக்கும் பழக்கம். பெரும்பாலும் குறைத்துத்தான் திருத்துவார்கள்.

லிமிட்டில் 30 சதவீதத்துக்கு மேல் பயன்படுத்தினால் சிபில் ஸ்கோர் விழும் என்கிறார்களே என்றும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். நேரத்துக்குக் கட்டுகிறோமா என்பது ஸ்கோரைப் பெரிதும் தீர்மானிக்கும் என்பது உறுதி. அந்த 30 என்ற எண் அனுபவக் கணக்கு, சட்டமோ வெளியிடப்பட்ட சூத்திரமோ அல்ல. வீட்டுக்கடனுக்கு விண்ணப்பிக்கப் போகும் சில மாதங்களில் குறைத்துப் பயன்படுத்துவது நல்லது, மற்ற நாளில் இதற்காகத் தூக்கம் கெட வேண்டாம். 2025 ஜனவரியிலிருந்து வங்கிகள் மாதம் இருமுறையாவது விவரம் அனுப்ப வேண்டும் என்பதால், கூடிய பாக்கி குறைந்ததும் முன்பைவிடச் சீக்கிரம் அங்கே தெரியும்.

நண்பர்கள் உங்கள் கார்டில் போன் வாங்கிவிட்டுப் பணம் தருவதாகச் சொன்னால், கேஷ்பேக் நமக்குத்தானே என்று ஒத்துக்கொள்ளாதீர்கள். அவர் ஐந்து நாள் தாமதமாகத் தந்தால் வட்டி உங்கள் பில் முழுவதற்கும். தவிர, ஒரு நிதியாண்டில் கார்டு பில்லாக 10 லட்சமோ அதற்கு மேலோ கட்டினால், ரொக்கமாக என்றால் 1 லட்சத்திலேயே, வங்கி வருமான வரித்துறைக்குத் தெரிவிக்கும். உங்கள் சம்பளத்துக்குப் பொருந்தாத தொகை அங்கே நின்றால் விளக்கம் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

கார்டை மூடுவது உங்கள் விருப்பம். ஆறு மாதத்தில் இன்னொரு முறை பாக்கி வைத்தால் மூடிவிடுங்கள், இப்போதைக்கு வேண்டாம் என்பது என் கருத்து. மூடச் சொல்லிக் கேட்டால், பாக்கி எதுவும் இல்லாத பட்சத்தில் ஏழு வேலை நாளுக்குள் மூட வேண்டும், தவறினால் நாளுக்கு 500 ரூபாய் வங்கி உங்களுக்குத் தர வேண்டும். அந்த 1,400 ரூபாயைப் பற்றி: கஸ்டமர் கேரில் தர்க்கம் பேசாமல், ‘இதுவரை ஒழுங்காகக் கட்டியவன், முதல் முறை, இந்த வட்டியைத் திருப்பிப் போட முடியுமா’ என்று கேட்டுப் பாருங்கள். உரிமை இல்லை, ஆனால் நல்ல வாடிக்கையாளருக்கு ஒரு முறை திருப்பிப் போடும் அதிகாரம் பல இடங்களில் மேலாளர்களுக்கு உண்டு. கணக்கே தப்பு என்று பட்டால் மூன்று பில்லையும் எம்ஐடிசி எடுத்துக்காட்டையும் வைத்து வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். முப்பது நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம், அதற்குக் கட்டணம் எதுவும் இல்லை. அதற்கு முன் ஏப்ரல், மே, ஜூன் பில்களில் வாங்கிய தேதி, தொகை, வட்டி வரி மூன்றையும் மட்டும் கார்டு எண்ணை மறைத்துவிட்டு இங்கே எழுதினால், உங்கள் வங்கி எந்த முறையில் போட்டிருக்கிறது என்று கணக்குப் பார்த்துச் சொல்கிறேன்.